பேரேட்டில் இடத்தின் விலை



2015இல் தொடங்கிய எத்தீரியம் என்னும் பிளாக்செயின் பேரேட்டில், தானே இயங்கும் ஒப்பந்த நிரல் எழுதப் புகுவோர் முதலில் இடத்தின் விலையை அறிதல் வேண்டும். 32 பைட் கொண்ட புதிய அறையொன்றை நிரப்பக் குறைந்தது 20,000 ‘கேஸ்’ கூலி. இரு எண்களைக் கூட்டவோ 3 தான்! கூட்டல் அக்கணமே முடிகிறது. எழுதியதையோ உலகெங்குமுள்ள ஆயிரக்கணக்கான கணிப்பொறிகள் சுமந்துகொண்டே இருத்தல் வேண்டும்.

ஆகவே சிறு எண்கள் இரண்டை ஓரறையில் அடக்குங்கள். வேண்டாத அறையைத் துடைத்தால் தள்ளுபடி உண்டு. 15,000ஆக இருந்த அது 2021இல் 4,800ஆகக் குறைந்தது. ஆவணம் முழுவதையும் ஏற்றாதீர்கள். அதன் 32 பைட் முத்திரையாகிய ஹாஷ் போதும். கூலிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. சாதிப்பெயர் தாங்கிய சான்றிதழை ஏற்றிவிட்டால், அறையைத் துடைத்த பின்னும் பழைய பதிவுகளில் அப்பெயர் நிற்கும். மூல ஆவணத்தை வெளியே பத்திரப்படுத்துங்கள். அது தொலைந்தால் முத்திரையைக் கொண்டு மீட்க இயலாது.