நங்கூரமிட்ட கப்பல்கள்



இந்தச் சொற்பொழிவு எந்தப் பெரியவர் நினைவாக நடக்கிறதோ, அவர் வாழ்நாள் முழுக்க அச்சகங்களுக்குப் படங்கள் அச்சிடும் பிளாக் செய்துகொடுத்தவர். பூதக்கண்ணாடி இல்லாமல் அவர் எந்தப் படத்தையும் பார்த்ததே இல்லை என்று அவருடைய பிள்ளைகள் சொன்னார்கள். ஒரே ஒரு படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்பதுதான் அவருக்கு நான் செய்யக்கூடிய மரியாதை என்று தோன்றியது.

நான் எடுத்துக்கொண்ட படம், இன்றைய ஹைட்டியின் வடகரையில் இருக்கும் காப்-ஹைத்தியன் என்ற துறைமுக நகரத்தைக் காட்டுவது. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் அந்த ஊருக்குக் காப் பிரான்சே என்று பெயர். காலனியின் பெயர் சான் தொமாங். அந்தக் காலனியின் முக்கிய இடங்களைக் காட்டும் படத்தொகுதி ஒன்று 1791-இல் பாரிசில் நிக்கொலா போன்ஸ் என்ற செதுக்குக் கலைஞரின் பொறுப்பில் வெளிவந்தது. ஓசான் என்ற ஓவியர் வரைந்த இந்தத் துறைமுகக் காட்சி அதில் இருக்கிறது. பின்னால் குன்று, அடிவாரத்தில் நகரம், முன்னால் விரிகுடா, நங்கூரமிட்ட கப்பல்கள்.

செப்புத்தகட்டுப் படம் எப்படி உருவாகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தகட்டில் கோடுகளை உளியால் கீறுவார்கள், அல்லது அமிலத்தால் அரிப்பார்கள். மையைப் பூசி, மேற்பரப்பை வழித்துத் துடைத்தால் கீறலுக்குள் மட்டும் மை தங்கும். ஈரத்தாளை மேலே வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தும்போது தாள் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொள்ளும். நல்ல பிரதியில் கோட்டை விரலால் தடவினால் மேடு தட்டுப்படும். படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு பதிந்த தடம் தெரியும். எல்லாவற்றையும் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். இத்தனை வேலையும் நடந்தது அட்லாண்டிக்குக்கு அப்பால், பாரிசில்.

கடலின் அமைதிகூட உளியின் வேலைதான். படுக்கைவாட்டில் கோடுகளை இழுத்தால் நீர் அசையாமல் நிற்கும். அந்தக் கோடுகளைப் பார்த்து வியந்துகொண்டே இருக்கலாம். நானும் வெகுநாள் வியந்தேன். பிறகுதான் கப்பல்களைப் பார்த்தேன்.

சான் தொமாங்கில் அப்போது ஏறத்தாழ 5 லட்சம் அடிமைகள் இருந்தார்கள். வெள்ளையர் சுமார் 30,000 பேர். ஐரோப்பா குடித்த காப்பியிலும் கரைத்த சர்க்கரையிலும் பெரும்பங்கு அங்கிருந்து போனது. கரும்புத் தோட்டத்து உழைப்பில் மனிதர்கள் அவ்வளவு சீக்கிரம் செத்தார்கள். அந்த இடத்தை நிரப்ப ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்துகொண்டே இருந்தார்கள். 1780-களின் இறுதியில் அப்படிக் கொண்டுவரப்பட்டவர்கள் சில ஆண்டுகளில், ஆண்டுக்கு 30,000-க்கும் மேல். அவர்கள் வந்து இறங்கிய முதன்மையான துறைமுகம் காப். இறங்கிய என்று சொன்னேன். பெரும்பாலும் இறங்குவதற்கு முன்பே விற்றுவிட்டார்கள். வாங்குபவர்கள் படகேறிக் கப்பலுக்குப் போவார்கள், விற்பனை கப்பல் தளத்திலேயே முடிந்துவிடும். படத்தில் சந்தையைக் காணோமே என்று நான் தேடியது தவறு. அத்தகைய கப்பல்கள் நின்ற நீர்ப்பரப்பே சந்தை. அதைத்தான் ஓசான் இவ்வளவு பொறுமையாக வரைந்திருக்கிறார்.

நம் கரைக்கும் இதில் பங்கு உண்டு. சோழமண்டலக் கரையில் நெய்து அவுரியில் தோய்த்த நீலத்துணி ஐரோப்பியக் கப்பல்களில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது. அங்கே மனிதர்களை வாங்கக் கொடுத்த சரக்குகளில் இந்தியத் துணிக்குப் பெரிய இடம் இருந்தது. புதுச்சேரியிலிருந்து போன துணிக்கு, மேற்கு ஆப்பிரிக்கக் கரையான கினியின் பெயரே இருந்தது. தறிக்குழியில் உட்கார்ந்திருந்தவருக்கு அந்தத் துணி எங்கே போய் எதற்கு ஈடானது என்று தெரிந்திருக்க வழியில்லை. நமக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டு இந்தப் படத்தைப் பார்ப்பது மனத்தைப் பிசைகிறது.

படத்தொகுதி வெளிவந்த அதே 1791-இல், ஆகஸ்ட் 22-ஆம் தேதி இரவு, காப் நகரத்தை அடுத்த வடசமவெளியில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். தோட்டங்கள் எரிந்தன. 1793 ஜூனில் நகரமே எரிந்தது. அந்த மாதம் ஆளுநர் கல்போ மாலுமிகளைத் திரட்டிக்கொண்டு, பிரான்சின் ஆணையர்கள் சோந்தொனாக்ஸ், பொல்வெரெல் இருவரையும் தாக்கினார். தங்கள் பக்கம் நின்று போரிடும் அடிமைகளுக்கு விடுதலை என்று ஆணையர்கள் அறிவித்தார்கள். ஆகஸ்ட் 29-இல் சோந்தொனாக்ஸ் வடமாநிலம் முழுவதற்கும் விடுதலையைப் பிரகடனம் செய்தார். மறு ஆண்டு பிப்ரவரி 4-ஆம் தேதி பாரிஸ் மன்றம் எல்லாக் காலனிகளிலும் அடிமைமுறையை ஒழித்தது. சட்டம் தானாகக் கனிந்து வந்ததாகப் பாடநூல்கள் எழுதுவதை என்னால் ஏற்க முடிவதில்லை. சமவெளியில் எழுந்தவர்கள்தான் அதை வாங்கினார்கள்.

காப் நகரத்தை எரித்த அந்தத் தீயையும் படமாக்கினார்கள். பொக்கே என்பவர் வரைந்து ஷாப்புயி என்பவர் செதுக்கிய படம் அது. அதே துறைமுகம், அதே கப்பல்கள், நகரத்தின் மேல் தீயும் புகையும். இம்முறை கப்பல்கள் ஏற்றிச் சென்றது ஊரைவிட்டு ஓடியவர்களை. ஆயிரக்கணக்கானோர் அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

முதல் படத்தொகுதிக்குப் பின்னால் இருந்தவர் மொரோ த சேன்-மெரி. மார்ட்டினிக்கில் பிறந்து காப் நகரத்தில் வழக்கறிஞராக இருந்தவர். அடிமைகளை வைத்திருந்தவர், பாரிஸ் மன்றத்தில் அந்த முறைக்காக வாதாடியவர். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பிரான்சை விட்டுத் தப்பி, பிலடெல்பியாவில் புத்தகக் கடையும் அச்சகமும் வைத்தார். அங்கேதான் சான் தொமாங் பற்றிய தன் பெரிய நூலை 1797, 1798-இல் தானே அச்சிட்டார். காலனி 1789-இல் எப்படி இருந்ததோ அப்படியே அதில் எழுதிவைத்தார். எரிந்துபோன காப் நகரத்தைத் தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு போகிறார். அவர் அதை அச்சுக்கோத்துக்கொண்டிருந்த அந்த நாட்களில், அதே தெருக்களில், முன்பு விற்கப்பட்டவர்கள் விடுதலை பெற்றவர்களாக நடந்துகொண்டிருந்தார்கள்.