கொடுத்த பிறகும் கூட வந்த நிலம்



பொங்கல் முடிந்த கையோடு, ஜனவரி 17 அன்று வனத்து அந்தோணியார் திருநாள் வரும். மாட்டைக் குளிப்பாட்டிக் கோயில் வாசலுக்கு ஓட்டிவந்து மந்திரித்துப் போகிறவர்கள் நம் பக்கத்தில் உண்டு. யார் இந்த அந்தோணியார் என்று கேட்டால், பலரும் பதுவை அந்தோணியாரைச் சொல்வார்கள். அவர் வேறு. இவர் எகிப்துக்காரர், அவருக்கு 900 ஆண்டுக்கு மேல் மூத்தவர்.

251 வாக்கில் பிறந்தவர். இருபது வயதை நெருங்கும்போது தாய் தகப்பன் இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிஞ்சியது ஒரு சின்னத் தங்கையும் நல்ல விளைச்சல் நிலமும். நம் கணக்கில் ஏறக்குறைய 200 ஏக்கர். சும்மாவா? ஒருநாள் கோயிலில் மத்தேயு நற்செய்தி வாசித்தார்கள். உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடு என்று பணக்கார இளைஞனிடம் இயேசு சொல்லும் இடம். தனக்கே சொன்னதாக எடுத்துக்கொண்டார் அந்தோணியார். நிலம் ஊராருக்குப் போயிற்று, தட்டுமுட்டுச் சாமான் விற்ற காசு ஏழைகளுக்கு. தங்கையைக் கன்னியரிடம் ஒப்படைத்தார். அந்தப் பிள்ளையை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. பிற்காலத்தில் அவளே கன்னியருக்குத் தலைவியாக இருந்தாள் என்று, இவர் வரலாற்றை எழுதிய ஆயர் அத்தனாசியார் சொல்கிறார்.

சொத்து போனால் ஆசையும் போய்விடும் என்றுதானே நினைப்போம்? தனியே போய் உட்கார்ந்தவர் மனத்தில் முதலில் வந்து நின்றது, கொடுத்துவிட்ட அதே சொத்துதான். அப்புறம் தங்கையின் கவலை, காசு, பேர், சாப்பாட்டு ருசி.

விட்டுவிட்டால் மட்டும் மனம் நிறைவதில்லை. அப்படியானால் ஆன்மாவுக்கு எதைத்தான் ஊட்டுவது? பாலைவனத் துறவிகள் சொல்லிவைத்த சம்பவம் ஒன்று இருக்கிறது. மனம் சோர்ந்து, நினைவுகள் அலைக்கழிக்க, நான் கரையேற வழி என்ன என்று ஆண்டவரிடம் கேட்டார் அந்தோணியார். வெளியே வந்தால், தன்னைப் போலவே ஒருவர் உட்கார்ந்து கயிறு பின்னுகிறார். எழுந்து செபிக்கிறார். மறுபடி உட்கார்ந்து பின்னுகிறார். வானதூதர் அவர். இப்படியே செய் என்றார். அவ்வளவுதான் பதில்!

இந்தத் துறவு உடம்பை வதைப்பது என்றும் எண்ண வேண்டாம். பாழடைந்த கோட்டை ஒன்றில் 20 ஆண்டுகள் அடைந்து கிடந்தார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூரை வழியாக ரொட்டி இறங்கும். நண்பர்கள் கதவைப் பெயர்த்தபோது வெளியே வந்தவர் இளைக்கவும் இல்லை, ஊதவும் இல்லை. பழைய ஆளாகவே இருந்தார்.

356-இல் காலமானார். 30 ஆண்டு கழித்து, மிலான் நகரில் ஒரு பேச்சுக்கலைப் பேராசிரியர் வீட்டுக்கு வந்த விருந்தாளி இந்தக் கதையைச் சொன்னார். பதவி, புகழ், பெண் துணை எதையும் விட மனமில்லாமல் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருந்தவர் அந்தப் பேராசிரியர். படிக்காதவர்களால் முடிந்தது படித்த நம்மால் முடியவில்லையே என்று நண்பரிடம் பொருமிவிட்டுத் தோட்டத்துக்குள் போனார். அங்கே மனம் மாறியவர், அடுத்த ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா இரவில் ஆயர் அம்புரோசியாரிடம் திருமுழுக்குப் பெற்றார். அவர்தான் அகுஸ்தினார்.