முதியோர் வாசலுக்கும் மருத்துவம் வரவேண்டும்



1926ஆம் ஆண்டு களுத்துறையிலே இந்நாட்டின் முதலாவது சுகாதாரப் பகுதி தோன்றியது. பின்னர் ஊர்தோறும் மருத்துவ மாது வீடுவீடாகச் சென்றாள். பிரசவ மரணங்கள் அருகின. தாயையும் சேயையும் தேடிவந்த அரசு, முதியோரை மட்டும் ஆஸ்பத்திரி வாங்கிலே காத்திருக்க வைப்பது என்ன நீதி? 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போதே நூற்றுக்கு 12 பேர் அறுபதைக் கடந்துவிட்டனர். நீரிழிவும் இரத்த அமுக்கமும் ஓசையின்றி வருவன. காலை வெட்டியபின் கட்டில் கொடுப்பதா வைத்தியம்?

2011 முதல் நோயை முற்கூட்டிக் கண்டறியும் நிலையங்கள் திறக்கப்பட்டன. அதனை நாம் மறுக்கவில்லை. ஆயின், காலையில் மட்டும் திறக்கும் நிலையத்துக்குத் தோட்டத்திலே நீரிறைக்கும் கமக்காரன் எவ்வாறு செல்வான்? (நம் வழக்கறிஞரும் செல்வதில்லை, அவர்கள் சொல்லும் சாட்டு வேறு!) மாலையிலே, சனசமூக நிலையங்களிலே சோதனை நடத்துமாறு மாகாணச் சுகாதாரத் திணைக்களத்தைக் கோருகின்றோம். விண்ணப்பம் மேடையருகே உள்ளது, கையொப்பமிடுங்கள்.