தேய்த்தலும் தேய்தலும்: தோட்டத் தமிழில் உராய்வு



சிடாம் கிரி என்னும் பெயரைக் கேட்கும் தமிழர், அங்கே ஒரு மலை இருக்கும் என்று எண்ணக்கூடும். மலாய் மொழியில் 'கிரி' என்பது இடப்பக்கம். வலப்பக்கத்தைச் சுட்டும் சிடாம் கானானும் கெடாவில் உண்டு. இப்பகுதித் தோட்டங்களில் வழங்கிய தமிழை வைத்துக்கொண்டு, உராய்வு என்னும் இயற்பியல் பொருளை இன்று நோக்குவோம். மொழியியலார்க்கு இயற்பியலில் என்ன வேலை என்று கேட்கலாம். 'உராய்வு' என்னும் சொல்லைப் பிள்ளைகள் பெரும்பாலும் பாடநூலில்தான் முதன்முறை காண்கின்றனர். அச்சொல் குறிக்கும் பொருளோ, அவர்கள் வீட்டில் தேய், உரசு, தீட்டு, அரை, இழை, சிராய், துலக்கு, வழுக்கு என்று பல வினைகளாகப் பிரிந்து கிடக்கிறது. இவ்வினைகளைத் தொடாமல் கலைச்சொல்லை மட்டும் கற்பித்தால் பாடம் மனத்தில் ஒட்டாது என்பதே நம் கருத்து.

தோட்டத்து மரத்திலிருந்தே தொடங்குவோம். அதன் ஆங்கிலப் பெயரே உராய்வினால் வந்ததுதான். பென்சில் எழுத்தைத் தேய்த்து அழிக்க இப்பொருள் உதவுவதை 1770இல் ஜோசப் பிரீஸ்ட்லி குறித்து வைத்தார். தேய்க்க உதவுவது என்னும் பொருளில் அது 'ரப்பர்' ஆயிற்று. நம் தொழிலாளர், பட்டையிலிருந்து வடிவதைக் கண்டு 'பால்மரம்' என்றனர். ரப்பர் தன்னைத் தொடும் பரப்பின் மேடுபள்ளங்களுக்கு ஏற்ப நெகிழ்ந்து பதிந்துகொள்கிறது. அந்தப் பிடிப்பினாலேயே டயருக்கும், சைக்கிளின் பிரேக் கட்டைக்கும், செருப்பின் அடிப்பாகத்துக்கும் அதைத் தேடுகின்றனர். பிடிப்பு அற்ற ஈரச் செம்மண்ணில் நடப்பவரைக் 'கால் பாவவில்லை' என்கிறோம். உராய்வு இல்லையேல் நடையே இல்லை என்னும் பாடம் அந்த இரண்டு சொற்களில் அடங்கிவிடுகிறது.

இனிப் பால்வெட்டு உளி. மழுங்கிய உளி பட்டையைச் சீவாது, பிய்த்துவிடும். அழுத்தி இழுத்தால் உட்புறம் காயப்படும். காயம் ஆறிய இடம் புடைத்துக்கொள்வதால், புதுப்பட்டை வளர்ந்த பின்னும் அங்கே செம்மையாக வெட்ட இயலாது. ஆகவே உளியைக் கல்லில் நீர்விட்டுத் தீட்டுவர். இரும்புத் துகள்கள் கல்லின் நுண்துளைகளை அடைத்துவிடாதபடி நீர் அவற்றை அகற்றுகிறது. கல்லின்மேல் உராய்வைப் பயன்கொள்வது, பட்டையின்மேல் இழுவையைக் குறைப்பதற்காகவே. ஒரு தொழிலுக்குள்ளேயே உராய்வு ஓரிடத்தில் வேண்டுவதாகவும் மற்றோரிடத்தில் வேண்டாததாகவும் இருக்கிறது.

இங்கே இலக்கணம் ஓர் உதவி செய்கிறது. கல் உளியைத் தேய்த்தது, உளி தேய்ந்தது. ஒரே வேர், வல்லின இடைநிலை பெற்றால் பிறவினை, மெல்லினத்தோடு வந்தால் தன்வினை. சில ஆண்டுகள் கழித்து அந்தக் கல்லைப் பாருங்கள்: நடுவில் குழிந்திருக்கும். தேய்த்த கல்லும் தேய்ந்திருக்கிறது. உராய்வில் இரு பரப்புகளும் பங்குகொள்கின்றன என்பதை விளக்க இதைவிட எளிய வழி நமக்குத் தெரியவில்லை.

பால் உறைந்தபின் அதை உருளைகளுக்கிடையே செலுத்தித் தகடாக்குவர். முதலில் வழவழப்பான உருளைகள். இறுதியில் வரிகள் வெட்டிய உருளை. வரிகள் பதிந்த தகடுகள் ஒன்றோடொன்று எளிதில் ஒட்டிக்கொள்ளா. பரப்புக் கூடுவதால் புகைக்கூடத்தில் விரைந்தும் உலரும். டயரின் வரிப்பள்ளங்களுக்கு வேறு பணி. மழைநாளில் டயருக்கும் சாலைக்கும் இடையே நீர்ப்படலம் புகுந்தால் ரப்பர் சாலையைத் தொடவே இயலாது. பள்ளங்கள் அந்நீருக்கு வழிவிடுகின்றன. இரண்டிலும் வரிகளைக் கண்டு ஒரே காரணம் சொல்லும் மாணவரைத் திருத்தும் வாய்ப்பை ஆசிரியர் விட்டுவிடலாகாது.

சமையலறைக்குச் செல்வோம். அம்மி வழவழத்துப் போனால் மிளகாய் அரைபடாது, நழுவும். உளியால் கொத்தி அதற்குச் சொரசொரப்பை மீட்பர். 'அம்மி கொத்துதல்' என்பது தேய்ந்த உராய்வைப் புதுப்பிக்கும் தொழிலின் பெயர். எதிர்ப்புறத்தில், ரொட்டி சானாய் போடுபவர் மேசைமேல் எண்ணெய் தடவி மாவை வீசுகிறார். எண்ணெய் இல்லையேல் மாவு பிடித்துக்கொண்டு கிழியும். மாட்டுவண்டி அச்சுக்கு இட்டது 'மசகு', 'வண்டி மை'. தமிழகப் பாடநூல்கள் இதனை 'உயவுப்பொருள்' என்கின்றன. நல்ல ஆக்கந்தான், ஆயினும் மசகு இருக்க அதை ஏன் ஒதுக்கினர் என்பது நமக்கு விளங்கவில்லை.

தேரின் முட்டுக்கட்டையையும் இங்கே நினைக்க வேண்டும். சக்கரத்தின்கீழ் கட்டையைக் கொடுத்து உரசவிட்டே தேரை நிறுத்துவர், திருப்புவர். தேரின் பாதுகாப்பே அதைப் போடுபவர் கையில் இருக்கிறது. அன்றாட வழக்கிலோ அச்சொல் வீண் தடை என்று இழிந்துவிட்டது.

2003இல் நம் பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டன. 2012இலிருந்து படிப்படியாகத் தமிழுக்குத் திரும்பின. 2016இல் இருமொழிப் பாடத்திட்டம் தொடங்கியபின் அந்த வழக்கு மீண்டும் எழுந்தது. தமிழில் கலைச்சொல் போதாது என்பது எதிர்த்தரப்பின் வாதம். கலைச்சொல்லைக் குழு ஒன்று அமர்ந்து ஆக்கிவிடலாம். அதைத் தாங்கும் வினைகளை ஆக்க முடியாது. அவை புழக்கத்தில் இருக்க வேண்டும். பால்மரங்கள் இருந்த இடங்கள் பலவற்றில் இன்று எண்ணெய்ப்பனை நிற்கிறது. லயங்களில் இருந்தோர் சுங்கை பட்டாணி போன்ற நகரங்களின் அடுக்கு வீடுகளுக்குச் சென்றுவிட்டனர். அங்கே அம்மி இல்லை, கொத்துபவரும் இல்லை.

ஆகவே ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். உராய்வுப் பாடத்துக்கு முந்திய நாள், வீட்டுப் பெரியவர்களிடம் மேற்சொன்ன வினைகளுள் ஐந்தைக் கேட்டு, ஒவ்வொன்றும் எப்பொருளை எப்பொருளோடு சேர்த்து வழங்குகிறது என எழுதிவரச் செய்யுங்கள். கத்தியைத் தீட்டுகிறோம், சந்தனத்தை இழைக்கிறோம், பானையைத் துலக்குகிறோம், முழங்கால் சிராய்க்கிறது. எதில் பரப்பு கூராகிறது, எதில் கரைகிறது, எதில் அழுக்கு மட்டும் போகிறது, எதில் தோலே போகிறது என்று வகுப்பில் அட்டவணை இட்டபின், கரும்பலகையின் மேற்புறத்தில் 'உராய்வு' என்று எழுதலாம்.