வீட்டு மின்பலகை மாற்றமும் அதன் மதிப்பீடும்
(ஊராட்சி உறுப்பினர்களிடையே நிகழ்த்திய சொற்பொழிவு)



வீடுகளுக்கு மின்கம்பி இழுக்கும் ஒப்பந்தத் தொழிலில் இருக்கும் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "மெயின் போர்டை மாற்ற என்ன செலவாகும்?" என்பதே அது. வீட்டைப் பாராமலே இதற்கு ஒரு தொகையைச் சொல்லிவிடுகிறவரிடம் வேலையை ஒப்படைக்க வேண்டாம் என்று முதலிலேயே கூறிவிடுகின்றோம்.

நம் கிராமங்களில் பல வீடுகளுக்கு மின்சாரம் வந்தபோது நான்கு விளக்குகளும் ஒரு மின்விசிறியுமே இருந்தன. மரப்பலகையில் இரண்டு பியூஸ் கட்டைகள் போதுமாயிருந்தன. இன்று அதே பலகையிலிருந்தே குளிர்பதனப் பெட்டியும், மிக்ஸியும், வெந்நீர்க் கொதிகலனும், கிணற்று மோட்டாரும் ஓடுகின்றன. பியூஸ் எரிந்தால் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி விடுகிறார்கள். அதன் பிறகு பியூஸ் எரிவதில்லை. அதற்குப் பதிலாகச் சுவருக்குள் இருக்கும் கம்பி காய்கிறது. கூரைவீட்டில் இதன் முடிவு என்னவென்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, மதிப்பீட்டின் முதல் வேலை சுமையைக் கணக்கிடுவது. ஓர் உதாரணம் பார்ப்போம். கொதிகலன் 2,000 வாட், குளிர்சாதனம் 1,700, ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஏறத்தாழ 1,000, மிக்ஸி 750, குளிர்பதனப் பெட்டி 200, நான்கு விசிறிகள் 300, பத்து எல்.இ.டி. விளக்குகள் 90. இவை எல்லாம் விடியற்காலையில் ஒரே சமயத்தில் ஓடக்கூடும். கூட்டினால் 6,040 வாட். 230 வோல்ட்டால் வகுத்தால் 26 ஆம்பியருக்குச் சற்று மேல். இதற்கு 32 ஆம்பியர் மெயின் சுவிட்சு வேண்டும் என்பது தெளிவு. ஆனால் சுவிட்சு மட்டும் பெரிதானால் போதாது. கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் கம்பியும், மின் பகிர்மானக் கழகத்தில் பதிவான சுமையும் அதற்கு ஈடாக இருக்க வேண்டும். மீட்டர் வரையுள்ள பகுதி கழகத்தைச் சேர்ந்தது. அதன் முத்திரையை எந்த ஒப்பந்தக்காரரும் தொடலாகாது. சுமை உயர்த்தும் கட்டணத்தை வீட்டுக்காரரே நேரில் செலுத்தி ரசீது பெறுவது நல்லது. அதை எங்கள் மொத்தத் தொகையில் சேர்ப்பதை நாங்கள் விரும்புவதில்லை.

இரண்டாவதாக, உள்ளே ஓடும் கம்பியின் கனம். எம்.சி.பி. என்பது கம்பியைக் காப்பதற்கே ஏற்பட்டது. 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பிக்கு 32 ஆம்பியர் எம்.சி.பி. வைப்பது, காவல்காரனை உறங்கச் சொல்வதற்கு ஒப்பாகும். மோட்டார் கிளம்பும்போது வழக்கமான ஓட்டத்தைப்போல் ஐந்து, ஆறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும். அதனால் எம்.சி.பி. விழுகிறதென்றால், பெரிய எண்ணுடையதை வைக்கக் கூடாது; அதே எண்ணில் 'சி' வகையை வைக்க வேண்டும்.

மூன்றாவது, நிலத்தொடர்பு, அதாவது எர்த். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் கைவைப்பது இதன்மேல்தான். 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றைப் பொருத்தினால், மின்கசிவு ஏற்படும்போது அது இணைப்பைத் துண்டித்துவிடும். எர்த் சரியாக இருந்தால் கசிவு தொடங்கியவுடனே துண்டிக்கும். எர்த் இல்லையேல், யாரேனும் கைவைத்த பின்புதான் துண்டிக்கும். ஈரக்கையோடு கிரைண்டரைத் தொடும் தாய்மாருக்கு இந்த வேறுபாடு சிறியதன்று.

பழைய வீடுகளில் இதிலேதான் மதிப்பீடு சிக்கலாகிறது. ஓர் அறையின் நியூட்ரல் கம்பியை இன்னோர் அறையின் சுற்றோடு முடிந்து வைத்திருப்பார்கள். புதிய ஆர்.சி.சி.பி. வைத்தவுடன் ஓயாமல் விழும். அந்த முடிச்சைத் தேடுவதற்கே ஒரு நாள் கூலி போய்விடும். பொறுமையில்லாதவர் ஆர்.சி.சி.பி.யை ஒதுக்கிவிட்டு நேரடியாக இணைத்துப் போவார். பெட்டியில் அது அழகாக இருக்கும், வேலை செய்யாது.

எனவே நாங்கள் மதிப்பீட்டை இரண்டாகப் பிரித்தே எழுதித் தருகிறோம். கண்ணால் கண்ட வேலைக்கு உறுதியான தொகை: பெட்டி, எம்.சி.பி.க்கள், கம்பி, எர்த் குழி, ஆட்கூலி, சுவர் பூச்சு, போக்குவரத்து, எங்கள் ஆதாயம். ஆம், ஆதாயமும் அதில் அடங்கும், அதை மறைப்பானேன்? சுவரைத் திறந்த பிறகே தெரியும் வேலைக்கு மீட்டருக்கு இவ்வளவு, பாயிண்டுக்கு இவ்வளவு என்று விகிதம் மட்டும் குறிப்போம். வீட்டுக்காரர் கையொப்பமிட்ட பிறகே அவ்வேலை தொடங்கும். பொருள்களின் கம்பெனிப் பெயர், ஆம்பியர், ஐ.எஸ்.ஐ. முத்திரை ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும்.

இரண்டு மதிப்பீடுகளை ஒப்பிடும்போது அடித்தொகையைப் பார்க்காதீர்கள். குறைந்த தொகையில் எர்த் குழி இருக்கிறதா, ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பாருங்கள். அங்கன்வாடி, நூலகம் போன்ற ஊராட்சிக் கட்டடங்களுக்கும் உறுப்பினர்கள் இவ்வாறே கேட்கலாம். உழவர்களுக்கு ஒன்று: பம்புசெட்டுக்கான இணைப்பிலிருந்து வீட்டுக்குக் கம்பி இழுக்கச் சொல்லி எங்களைக் கேட்க வேண்டாம், அது சட்டவிரோதம், நாங்கள் செய்யமாட்டோம்.

வேலை முடிந்ததும் மெக்கர் கருவியால் கம்பிகளின் காப்பைச் சோதிக்கச் சொல்லுங்கள்; 1 மெகா ஓமுக்குக் குறையலாகாது. ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை உங்கள் கையாலேயே அழுத்திப் பாருங்கள். அது விழுந்த பின்னரே கடைசித் தவணையைக் கொடுங்கள்.