பொறி சொன்ன வேகம்



காஞ்சிபுரம் மாவட்டத்தில், வாலாஜாபாத்துக்கு அருகில், தென்னேரி என்னும் ஊர் இருக்கின்றது. அங்குள்ள பெரிய ஏரியே ஊருக்கும் பெயராயிற்று. திரையன் ஏரி என்பதே நாளடைவில் தென்னேரி என மருவிற்று என்பர். என் தங்கை அவ்வூரில் வாழ்கிறாள். அவள் மகன் கல்லூரி மாணவன். மிதிவண்டிப் பந்தயத்தில் பேரார்வம் உடையவன். சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் நான் அங்கே சென்றிருந்தபோது அவன் முகம் வாடியிருந்தது. "மாமா, பந்தயத்தை விட்டுவிடலாம் என்றிருக்கிறேன். என் கால்களில் வலு குறைந்துவிட்டது" என்றான். கல்லூரி அணிக்கு ஆள் தேர்ந்தெடுக்க இரண்டே வாரங்கள் இருந்தன.

"வலு குறைந்தது என்று யார் சொன்னது?" என்று கேட்டேன். கூடத்தில் நின்ற பொறியைச் சுட்டிக் காட்டினான்.

மழைக்காலத்தில் ஏரிக்கரைப் பாதை சேறாகிவிடும். ஆகையால் அவன் வீட்டுக்குள்ளேயே பயிற்சி செய்ய, ஸ்மார்ட் டிரெய்னர் என்னும் பயிற்சிப் பொறி ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கியிருந்தான். மிதிவண்டியின் பின் சக்கரம் ஓர் உருளையின்மேல் அழுந்தி நிற்கும். மிதித்தால் உருளை சுழலும். வண்டியோ நின்ற இடத்திலேயே நிற்கும். வேகத்தைக் கைப்பேசி காட்டும். மூன்று வாரங்களுக்கு முன் மணிக்கு 33 கிலோமீட்டர் என்று காட்டிய கைப்பேசி, அன்று 30 என்றே காட்டிற்று. "முன்போலவே மூச்சு வாங்குகிறது மாமா, எண் மட்டும் இறங்கிக்கொண்டே போகிறது" என்றான்.

அவனை மிதிக்கச் சொல்லி உற்று நோக்கினேன். அப்போதுதான் ஒரு வியப்பு தெரிந்தது. அவனிடம் இருந்தது ஒரு வேகம் அன்று, மூன்று வேகங்கள். சக்கரத்தின் அச்சில் கட்டிய உணர்கருவி 30 என்றது. பொறி தானாக அனுப்பிய கணக்கு 27.5 என்றது. திரையில் மலையும் சாலையும் காட்டி ஓட்டச் செய்யும் செயலியோ 24 என்றது. மூன்றில் எது மெய்?

நண்பர்களே, ஒரு கருவி பிழைபட்டது என்று தோன்றினால், உடனே அதைப் பிரித்துப் போடாதீர்கள். பிழை எவ்வாறு நடந்துகொள்கிறது என்று முதலில் பாருங்கள். எப்போதும் ஒரே விகிதத்தில் மிகுந்து காட்டுகிறதா? நாளுக்கு நாள் மாறுகிறதா? திடீரென்று பூச்சியத்தில் விழுகிறதா? வைத்தியர் நாடி பார்ப்பது போன்றது இது.

முதலில் 30-ஐயும் 27.5-ஐயும் எடுத்துக்கொண்டோம். மெதுவாக மிதித்தாலும் விரைவாக மிதித்தாலும் முன்னது பின்னதைப்போல் 1.09 மடங்காகவே இருந்தது. மாறாத விகிதம் என்றால் கணக்கில் எங்கோ ஒரு தவறான எண் புகுந்திருக்கிறது என்று பொருள். அச்சிலுள்ள உணர்கருவி சக்கரத்தின் சுற்றுகளை மட்டுமே எண்ணும். ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு இட்டு, அவனை வண்டிமீது அமர்த்தி, சிமெண்டுத் தரையில் சக்கரத்தைப் பத்துச் சுற்று உருட்டி அளந்தோம். 21 மீட்டர் வந்தது; ஆகவே ஒரு சுற்றுக்கு 2.10 மீட்டர். கைப்பேசியிலோ 2.29 மீட்டர் என்று இருந்தது. வேறொரு பெரிய சக்கரத்துக்குரிய அளவு அது. 2.29-ஐ 2.10-ஆல் வகுத்துப் பாருங்கள், அந்த 1.09 கிடைக்கும். உருளைக்கு இந்தத் தொல்லை இல்லை. டயரின் பரப்பு எவ்வளவு தூரம் ஓடுகிறதோ அவ்வளவே உருளையின் பரப்பும் ஓடும். சக்கரம் பெரிதா சிறிதா என்று அது கேட்பதில்லை.

விகிதம் 1.6-க்கு அருகில் இருந்திருந்தால், கிலோமீட்டருக்கும் மைலுக்கும் இடையே குழப்பம் என்று கொள்ளலாம். ஒரு மைல் 1.609 கிலோமீட்டர். எண் விட்டுவிட்டுப் பூச்சியமாகுமானால், உணர்கருவியின் மின்கலம் தீர்ந்திருக்கலாம். அல்லது கம்பியில்லாச் செய்தி இடையே அறுபட்டிருக்கலாம்.

அடுத்து, நாளுக்கு நாள் இறங்கிய பிழை. டயரை அழுத்திப் பார்த்தேன். விரல் உள்ளே சென்றது. மூன்று வாரமாக அவன் காற்று அடிக்கவில்லை. ரப்பர்க் குழாயிலிருந்து காற்று மெல்லக் கசிவது இயல்பு. காற்றுக் குறைந்த டயர் உருளைமேல் மிகுதியாக நசுங்கும். நசுங்கி நிமிர்வதில் ஆற்றல் வீணாகும். அதே உழைப்புக்கு வேகம் குறையும். காற்றை அடித்து, உருளையின் அழுத்தத்தைச் சீராக்கி, பத்து நிமிடம் மிதித்துப் பொறியைச் சூடேற்றினோம். பிறகு செயலி கேட்ட வேகத்துக்கு ஏற்றி, மிதிப்பதை நிறுத்தி, சக்கரத்தைத் தானாக ஓயவிட்டோம். ஓய எடுக்கும் நேரத்தைக் கொண்டு, பொறி தன் உராய்வைத் தானே கணித்துக்கொள்ளும். மறுபடியும் அவன் மிதித்தபோது இழந்த வேகம் திரும்பிவிட்டது. அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! குறைந்தது டயரின் காற்றே அன்றி, காலின் வலு அன்று.

மூன்றாவது எண் பிழையே அன்று. செயலி சக்கரத்தை எண்ணுவதில்லை. மிதிப்பவன் செலுத்தும் திறன், அவன் எடை, சாலையின் ஏற்றம், எதிர்க்கும் காற்று ஆகியவற்றைக் கொண்டு, மெய்யான சாலையில் என்ன வேகம் வரும் என்று கணிக்கிறது. வீட்டுக்குள் எதிர்காற்று இல்லை. சாலையில் வேகம் இரு மடங்கானால் காற்றை வெல்ல எட்டு மடங்கு திறன் வேண்டும். ஆனால் அங்கும் ஒரு சிறு தவறு கண்டோம். அவன் எடை 57 கிலோ, பதிந்திருந்தது 75. இலக்கங்கள் இடம் மாறியதால் ஒவ்வொரு மேட்டிலும் 18 கிலோ மூட்டையைச் சுமந்து ஏறியிருக்கிறான்! இதைச் சிறு பிழை என்று எண்ணாதீர்கள். 2020 டிசம்பரில் சர்வதேச மிதிவண்டிச் சங்கம் இத்தகைய பொறிகளின்மேல் முதல் உலகச் சாம்பியன் போட்டியை நடத்திற்று. வீரர்கள் தத்தம் இடத்திலிருந்தே மிதித்தனர். அத்தகைய களத்தில் தவறான எடை, வெற்றி தோல்வியையே மாற்றிவிடும்.

இனி ஒன்று எஞ்சியது. தென்னேரிக்குத் தெற்கே உத்திரமேரூர் இருக்கின்றது. அங்கே முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தையும் பொன் வாரியத்தையும் குறிப்பிடுகின்றன. பொன்னை நோக்கிப் பொன் என்று சொன்னால் போதாது. உரைகல்லில் உரைத்துப் பார்க்க வேண்டும். நம் பொறிக்கும் ஓர் உரைகல் வேண்டும் அல்லவா?

மழை விட்ட ஒரு விடியலில், வண்டி நடமாட்டம் இல்லாத சாலையில் ஒரு கிலோமீட்டரை அளந்துகொண்டோம். காற்று முதுகில் தள்ள, போகும்போது 2 நிமிடம் ஆயிற்று. எதிர்த்து வரும்போது 3 நிமிடம் ஆயிற்று. "முப்பதும் இருபதும், சராசரி 25" என்றான் மருமான். "இல்லையப்பா. 2 கிலோமீட்டரை 5 நிமிடத்தில் கடந்தாய். மணிக்கு 24" என்றேன். சற்று யோசித்து ஒப்புக்கொண்டான். வேகங்களைக் கூட்டிப் பாதியாக்கலாகாது. மொத்தத் தூரத்தை மொத்தக் காலத்தால் வகுக்க வேண்டும்.

முப்பத்து மூன்று என்று நம்பியவனுக்கு 24 என்பது முதலில் கசந்தது. ஆயினும் அது அவன் கால்கள் ஈட்டிய எண். அதை ஏட்டின் முதல் வரியில் எழுதிக்கொண்டு, தேர்வுக்குச் சென்றான். அணியில் இடம் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு மீண்டும் வரச் சொன்னார்கள். அவன் பந்தயத்தை விடவில்லை. இப்போது வாரந்தோறும் டயருக்குக் காற்று அடிக்கிறான். மாதம் ஒரு முறை அந்தச் சாலையில் ஓட்டிப் பார்க்கிறான்.

நண்பர்களே, உங்கள் கையிலும் எண் காட்டும் கருவிகள் பல இருக்கின்றன. அவை உங்களைப் புகழ்ந்தாலும் இகழ்ந்தாலும், நம்புமுன் அந்த எண் எதிலிருந்து பிறந்தது என்று ஒரு முறை கேளுங்கள்.