முத்தாம்பாள் சத்திரத்துத் திண்ணையில்



பத்தாண்டு நிறைவு விழாவில் கவிதையைப் பற்றிப் பேசும்படி பணித்தார்கள். நான் ஒரு கட்டடத்தைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறேன். பொறுத்தருள்க.

தஞ்சையிலிருந்து பட்டுக்கோட்டை செல்லும் சாலையில் இருக்கிறது ஒரத்தநாடு. அந்த ஊருக்கு முத்தாம்பாள்புரம் என்றும் ஒரு பெயர் உண்டு. முத்தாம்பாள், இரண்டாம் சரபோஜி மன்னரின் மணந்துகொள்ளாத காதலி. மரணப் படுக்கையில் தன் பெயர் விளங்க ஒரு சத்திரம் எழுப்ப வேண்டும் என்று அவர் கேட்டதாக வழிவழியாகச் சொல்கிறார்கள். 1802இல் சத்திரம் எழுந்தது. யானையும் குதிரையும் இழுத்துச் செல்லும் தேரைப் போல அதன் அடித்தளத்தைச் செதுக்கினார்கள். இராமேசுவரம் நோக்கி நடந்த யாத்திரிகர்கள் களைத்து உட்கார்ந்த இடத்தை, ஓடுகின்ற தேராகக் கற்பனை செய்தவன் பெயர் நமக்குத் தெரியாது. அவனும் நம் இனத்தவன்தான், கவிஞன்.

இதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பு, 1799 உடன்படிக்கையால், நாட்டின் ஆட்சி கும்பெனியாரின் கைக்குப் போய்விட்டது. மன்னருக்கு எஞ்சியது கோட்டையும் அதைச் சுற்றிய சிறு பகுதியும். 1801இல் ரெசிடென்ட் பெஞ்சமின் டோரினுக்குச் சரபோஜி எழுதிய கடிதம் ஒன்று உண்டு. அதில் அவர் மன்றாடுவது சத்திரங்களுக்காக. வருவோர்க்கெல்லாம் அன்னம் இடுவதையும், நோயாளிக்கு வைத்தியரையும், கருவுற்ற பெண்களுக்குச் செய்யப்படும் பராமரிப்பையும் எடுத்துச் சொல்கிறார். நாடிழந்த ஒருவர் சோற்றுப் பானையைக் காப்பாற்றப் போராடுகிறார்! சரசுவதி மகால் நூலகத்துக்காக அவரைக் கொண்டாடுகிறோம். எனக்கு இந்தக் கடிதத்துக்காகவே அவரைப் பெரிதும் பிடிக்கும்.

1855இல் தஞ்சை அரசு முற்றிலும் மறைந்தது. சத்திரங்கள் கைமாறின. ஒரத்தநாட்டுச் சத்திரத்தில் பள்ளிக்கூடமும் மாணவர் விடுதியும் நெடுங்காலம் நடந்தன. நான் அங்கே சென்றபோது மேல்தளத்து விரிசலில் அரசங்கன்று ஒன்று வேரோடியிருந்தது. செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய சுவருக்கு மழையைவிடக் கொடியது இந்த அரசமரம். கிளையை வெட்டினால் போதாது. வேர் உள்ளே தடித்துக்கொண்டே போகும். ஆங்காங்கே சிமெண்டைப் பூசியும் வைத்திருந்தார்கள். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். சிமெண்டு அதன் வாயை அடைத்துவிடும். உள்ளே தங்கிய ஈரம் செங்கல்லைப் பொடியாக்கும். அக்கறையின்மை ஒரு கேடென்றால், அறியாத அக்கறை இன்னொரு கேடு.

சத்திரத்துத் திண்ணையில் ஒரு முதியவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"ஐயா, இதை இப்படியே விட்டுவிட்டீர்களே?" என்றேன்.

"தம்பி, பிள்ளைகள் தலையில் காரை விழுந்தால் நீங்கள் வந்து பதில் சொல்வீர்களா? இடித்துவிட்டு நாலு வகுப்பறை கட்டட்டும்," என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னதில் தவறு காண முடியவில்லை. பிள்ளைகள் படிக்க இடம் வேண்டும் என்பது சத்திரத்தின் அறத்துக்கு மாறானதும் அன்று. பழமையைப் போற்றும் நாம் தஞ்சையிலிருந்து பேருந்தில் வந்து, ஒரு பகல் பெருமூச்சு விட்டுத் திரும்புகிறவர்கள். அந்தக் கூரையின் கீழ் இருக்க வேண்டியவர்கள் அவர்கள். வகுப்பறையை வேறிடத்தில் கட்டித் தரும்படி கேட்காமல், சத்திரத்தை மட்டும் காக்கச் சொல்வதற்கு நமக்கு வாயில்லை. இரண்டையும் ஒரே மனுவில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

நம் வட்டத்தில் சத்திரங்களைப் பாடிய கவிதைகள் உண்டு. இடிந்த சுவரும் வௌவாலும் நிலவும் அவற்றில் தவறாமல் வரும். நானும் எழுதியிருக்கிறேன். ஒன்றிலேனும் அங்கே சோறு உண்டவர் முகம் இல்லை. விடுதியில் தங்கிப் படித்த முதியவர்கள் அவ்வூரிலும் அக்கம்பக்கத்திலும் இருக்கிறார்கள். எந்த மூலையில் படுத்தார்கள், எந்தத் தூணில் பெயர் கீறினார்கள் என்று அவர்களுக்கு நினைவிருக்கும். வருகிற ஞாயிறு காலை முதல் பேருந்தில் நான் போகிறேன். குறிப்பேட்டுடன் வர விரும்பும் அன்பர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கலாம். அந்த முதியவரையும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது.